புட்டிக்குள் வந்த சோயாப் பால்

மாணவர்களே! பசு இல்லாமல் பால் உண்டா? தேங்காய்ப்பால் அறிந்த நமக்கு இக்கேள்வி புதிதன்று. ஆனால், தாவரப் பாலைக் கெடாமல் விற்பது எளிதன்று.

சீன-ஜப்பானியப் போருக்கு அஞ்சி ஹாங்காங் வந்த அகதிகள் சத்துக்குறைவால் வாடினர். பசும்பாலோ விலை மிகுந்தது. 1940-இல் கே. எஸ். லோ என்பவர் சோயாப் பாலை 'வைட்டாசோய்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். முதல் நாளில் விற்றவை 9 புட்டிகளே!

சோயாவை ஊறவைத்து, அரைத்து, வடித்துக் காய்ச்சினால் பால் கிடைக்கும். புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருளைக் காய்ச்சுதல் பெரிதும் செயலிழக்கச் செய்கிறது. ஆயினும், 100 பாகை செல்சியஸிலும் சில பாக்டீரியா வித்துகள் சாவதில்லை. குளிர்ப்பெட்டியில் வைக்காத பால் விரைவில் கெடும். அழுத்தத்தைக் கூட்டினால் நீரின் கொதிநிலை உயரும், வித்துகளும் அழியும். பிரஷர் குக்கரின் தத்துவம் இதுவே. 1953-இல் வைட்டாசோய் நிறுவனம் புட்டிப்பாலை நுண்ணுயிர் நீக்கம் செய்யத் தொடங்கியது. குளிர்ப்பெட்டி இல்லாத கடைக்கும் பால் சென்றது.

இன்று ஓட்ஸ், பாதாம் பால்களும் சந்தையில் பெருகிவிட்டன. ஏழைக்கென விற்பனைக்கு வந்த தாவரப் பால், இன்று பல இடங்களில் பசும்பாலைவிட விலை கூடியது. விலையைக் குறைக்கும் வழியை உங்களில் ஒருவர் காணலாமே!