குவியத் தொற்றுக் கொள்கையும் பல்வைத்தியமும்

மருத்துவ வரலாற்றை நோக்குமிடத்து, அறியாமையால் விளைந்த கேடுகளைப் போலவே, முற்றுப்பெறாத அறிவின்மீது வைத்த மிகையான நம்பிக்கையால் விளைந்த கேடுகளும் பலவாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் பல்வைத்தியத்தை ஆட்கொண்டிருந்த குவியத் தொற்றுக் கொள்கை இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

வாயில் வாழும் பற்றீரியங்கள் உணவிலுள்ள சர்க்கரை, மாப்பொருள் ஆகியவற்றிலிருந்து ஆக்கும் அமிலமே பற்சூத்தைக்கு வித்திடுகின்றது என்பதை 1890ஆம் ஆண்டளவில் வில்லபி மில்லர் விளக்கினார். உடலின் பிற நோய்களுக்கும் வாய் ஊற்றாகலாம் என 1891இல் அவர் எழுதினார். 1910இல் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹன்ரர், அழுகிய வேர்களின்மீது பொன்முடிகளைப் பொருத்தும் வழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். அவரது கண்டனத்தில் உண்மை இருந்தது. ஆயின், அதனைப் பற்றிக்கொண்டோர் அவ்வுண்மையின் எல்லையைக் கருதினாரல்லர். மூட்டுவாதம் முதல் மனநோய் வரை காரணம் புலப்படாத பிணிகளெல்லாம் பற்களின்மேற் சுமத்தப்பட்டன.

1895இல் றொன்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர்கள் இப்போக்கிற்கு மேலும் வலுவூட்டின. வேர்நுனியிற் காணப்பட்ட சிறு நிழலும் பல்லைக் களைவதற்குப் போதிய ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. நிழல் ஒன்று உளதென்பது வேறு. நோயாளரின் பிணிக்கு அதுவே காரணமென்பது வேறு. இவ்வேறுபாடு மறக்கப்பட்டமையாற் பல்லாயிரவர் நல்ல பற்களையும் இழந்தனர்.

இதன் உச்சநிலை நியூ ஜேர்சியிலுள்ள ரென்ரன் அரச மனநோய் வைத்தியசாலையில் நிகழ்ந்தது. அதன் அத்தியட்சகரான ஹென்றி கொற்றன் நோயாளரின் பற்களைக் களைந்தார்; குணம் காணாவிடத்து ரொன்சில், பெருங்குடல் முதலியவற்றையும் அகற்றுவித்தார். பலர் உயிரிழந்தனர். 1920களின் நடுப்பகுதியில் அங்கு ஆய்வு நடாத்திய பிலிஸ் கிரீனேக்கர், குணமடைந்தோர் பற்றிய கொற்றனின் கூற்றுகள் பொருந்தாவெனக் கண்டார். எனினும் அவரது அறிக்கை வெளியிடப்படவில்லை, சிகிச்சை தொடர்ந்தது.

1938இல் சீசில், அஞ்சவைன் ஆகிய இருவரும் மூட்டுவாத நோயாளர் 200 பேரின் விபரங்களை ஆராய்ந்தனர். பற்களையோ ரொன்சிலையோ அகற்றியதனாற் பெரும்பாலோர் எவ்வித நலமும் பெற்றிலர் என்பது தெரியவந்தது. இக்கொள்கையை முன்னர் ஆதரித்தவர்களுள் ஒருவரான சீசிலே அதனை மறுக்க முன்வந்தமை குறிப்பிடத்தக்கது.

இக்கொள்கை முற்றிலும் பொய்யன்று. வாயிலுள்ள பற்றீரியங்கள் குருதியிற் கலந்து, பழுதுற்ற இதய வால்வுகளைத் தாக்கக்கூடும் என்பது இன்றும் ஏற்கப்படுகின்றது. தவறு யாதெனில், ஒவ்வொரு நோயாளரையும் தனித்தனியே ஆராயாது, ஒரு பொது விதியைச் சகலர்மீதும் திணித்தமையே. நோயாளரின் வரலாற்றைக் கேட்டறிதல், பல்லின் உயிர்ப்பைச் சோதித்தல், முரசைப் பரிசோதித்தல், கதிர்ப்படத்தை இவற்றோடு ஒப்புநோக்கல் ஆகியவற்றின் பின்னரே இன்று சிகிச்சை திட்டமிடப்படுகின்றது. முதலில் வலியையும் தொற்றையும் நீக்கி, காக்கத்தக்க பல்லைக் காத்து, இழந்தவற்றை ஈடுசெய்வதே அதன் ஒழுங்காகும். களைந்த பல் மீண்டும் முளைப்பதில்லை. ஆதலின், களைவதற்கு முன்னர் காரணத்தை ஐயந்திரிபற நிறுவுதல் வைத்தியரின் தலையாய கடனாகும்.