ரக்கெட்டா, கையா? பட்மின்டன் ரக்கெட்டின் ஒரு சின்ன வரலாறு

எங்கட கம்பஸ் பட்மின்டன் கோர்ட்டில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு விளையாட்டை விட வாக்குவாதம்தான் கூட நடக்கும். அண்மையில் நடந்த ஒரு வாக்குவாதம் புது ரக்கெட் ஒன்றைப் பற்றியது. முதலாம் வருடத் தம்பி ஒருவன் மகாபொல காசை மாதக்கணக்காகச் சேர்த்து, மிச்சத்துக்கு அக்காவிடம் கடன் வாங்கி, சர்வதேச வீரர்கள் பிடிக்கிற மொடல் ஒன்றை வாங்கி வந்திருந்தான். முதல் நாள் எல்லாரும் அதை வாங்கி வாங்கிப் பார்த்தோம். மூன்று கிழமையில் அவனுக்கு முழங்கை நோகத் தொடங்கியது. ஸ்மாஷ் முந்தியை விட வேகமாகவும் போகவில்லை.

"எனக்கு இன்னும் செட் ஆகேல்ல போல அண்ணா" என்றான் அவன். "எல்லாம் பெயின்ட்டும் பேரும்தான்டா, உள்ளுக்க ஒண்டும் இல்லை" என்று எங்களில் ஒருத்தர் சொன்னார். இன்னொருத்தர் விடவில்லை. "அப்ப மரத்தால செய்த ரக்கெட்டைத் தந்தா நீ விளையாடுவியா?"

அந்தக் கேள்விக்கு ஒருத்தரிடமும் உடனே பதில் இல்லை. அதனால் திரும்பிப் பார்ப்போம் என்று நினைத்தோம். புதுத் தொழில்நுட்பம் ஆட்டத்தை உண்மையாகவே மாற்றியதா, இல்லை எல்லாமே விளம்பரமா? இது விஞ்ஞானக் கேள்வி மட்டுமில்லை, வரலாற்றுக் கேள்வியும்தான். எப்போது மாற்றியது, எப்போதிருந்து மாற்றுவது குறைந்தது என்று கேட்டால்தான் விளங்கும்.

முதலில் மரம். 1870களில் பிரித்தானிய இராணுவ அதிகாரிகள் இந்தியாவின் பூனாவில் விளையாடிய ஆட்டம் இங்கிலாந்துக்குப் போனது. பட்மின்டன் ஹவுஸ் என்ற பிரபு மாளிகையின் பெயர் அதற்கு நிலைத்தது. 1877இல் பாத் நகரக் கழகம் விதிகளை எழுதியது. 1893இல் இங்கிலாந்துச் சங்கம் உருவானது. 1899இல் முதல் ஓல் இங்கிலண்ட் போட்டி நடந்தது. அந்தக் காலத்து ரக்கெட் வளைத்த மரத்தால் செய்தது, ஸ்ட்ரிங் மிருகக் குடலால் முறுக்கியது. ஈரப்பதன் பட்டால் மரம் நெளிந்துவிடும் என்பதால், விளையாடி முடிந்ததும் நான்கு மூலையிலும் திருகாணி வைத்த மரச்சட்டத்துக்குள் ரக்கெட்டை இறுக்கி வைக்க வேண்டும். ரக்கெட்டைப் பராமரிப்பதே ஒரு வேலை. பாரமும் இன்றைய ரக்கெட்டைவிட மிகக் கூட.

பிறகு உருக்கு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தில் கார்ல்டன் என்ற கம்பனி உலோக ரக்கெட்டுகளைப் பிரபலமாக்கியது. பிளாஸ்டிக் ஷட்டிலைப் பரப்பியதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சின்ன வயதில் ஒழுங்கையில் நாங்கள் விளையாடிய மலிவு ரக்கெட் சோடியை நினைத்துப் பாருங்கள். தலை வேறாக, தண்டு வேறாகச் செய்து, நடுவில் ஒரு துண்டு வைத்துப் பொருத்தியிருப்பார்கள். காற்றடித்தால் பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் போகிற பிளாஸ்டிக் ஷட்டில் வேறு. அந்தப் பெரிய மாற்றத்தின் மிச்சங்கள்தான் எங்கட கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கார்ல்டனின் புகழ்பெற்ற மொடல் ஒன்றின் பெயர் 3.7. அது கற்பனைப் பெயர் இல்லை. ரக்கெட்டின் பாரம் 3.7 அவுன்ஸ், கிட்டத்தட்ட 105 கிராம். அவர்களிடம் 4.3 என்றும் ஒன்று இருந்தது. அந்தப் பெயரும் விளம்பரம்தான், மறுக்கவில்லை. ஆனால் சந்தேகம் இருந்தால் தராசில் வைத்துப் பார்க்கலாம். இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

மூன்றாவது கட்டம் ஜப்பானில். நீகாத்தா மாகாணத்தில் மினோரு யொனெயாமா என்பவர் 1946இல் ஒரு சிறிய மரத் தொழிலைத் தொடங்கினார். மீன்பிடி வலைக்கு மரமிதவை செய்வதுதான் வேலை. பிளாஸ்டிக் மிதவை வந்ததும் மரமிதவையை வாங்க ஆளில்லை. கையில் மர வேலை தெரியும், ஆனால் செய்கிற சாமானுக்குச் சந்தை இல்லை. 1957இல் அவர் மற்றக் கம்பனிகளுக்காக மர பட்மின்டன் ரக்கெட் செய்யத் தொடங்கினார். 1961இல் சொந்தப் பெயரில் விற்றார். 1969இல் அவருடைய கம்பனி அலுமினிய ரக்கெட்டை வெளியிட்டது. 1970களின் கடைசியில் கார்பனுக்குப் போனது. இன்று எல்லாருக்கும் தெரிந்த யொனெக்ஸ் அதுதான்.

இந்தக் கதையை வெறும் வெற்றிக் கதையாக வாசிக்க எங்களுக்கு விருப்பமில்லை. புது மூலப்பொருள் ஒன்று வந்து ஒரு தொழிலை ஒரேயடியாக முடித்துவிடும் என்பதை அந்த மனிதர் தன் கண்ணாலேயே கண்டவர். அப்படிப்பட்டவரின் கம்பனி அடுத்த புது மூலப்பொருளுக்காகக் காத்திருக்காது, தானே தேடிப் போகும். புதுசு என்பது அங்கே முதலில் பிழைக்கிற வழியாக இருந்தது, பிறகுதான் விற்கிற வழியானது. தொழில்நுட்பமா விளம்பரமா என்று நாங்கள் இரண்டு பக்கமாகப் பிரித்துக் கேட்டோம். வரலாற்றில் அந்த இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை.

சரி, கார்பன் என்னத்தை மாற்றியது? ஷட்டிலின் பாரம் விதிப்படி 4.74 முதல் 5.50 கிராம் வரை. அவ்வளவு பாரம் குறைந்த பொருளை அடிக்கிறதுக்குப் பாரமான ரக்கெட் தேவையில்லை, ரக்கெட்டின் தலை வேகமாக வர வேண்டும். பாரம் குறைந்தால் மணிக்கட்டால் சட்டென்று திருப்பலாம், உடலுக்கு நேரே வருகிற ஸ்மாஷையும் தடுத்துத் திருப்பலாம். கார்பன் பாரமும் குறைவு, விறைப்பும் கூட. உலோகத்தால் இரண்டையும் ஒன்றாகத் தர முடியவில்லை. தண்டையும் தலையையும் ஒரே துண்டுபோலச் செய்யவும் முடிந்தது. இறுக்கிக் கட்டிய ஸ்ட்ரிங்கை மெல்லிய சட்டம் தாங்கவும் முடிந்தது. இது உண்மையான மாற்றம். மர ரக்கெட்டோடு இன்றைய இரட்டையர் ஆட்டத்தை விளையாடச் சொன்னால் யாராலும் முடியாது. கோர்ட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

1990களில் வந்த சதுரம் சாய்ந்த தலையும் உண்மையான மாற்றம்தான். முட்டை வடிவத் தலையில் ஓரத்து ஸ்ட்ரிங் கட்டை, நடு ஸ்ட்ரிங் நீளம். தலையைச் சதுரத்துக்குக் கிட்டக் கொண்டு வந்தால் நீள வித்தியாசம் குறையும், நன்றாக அடிபடும் பகுதி பெரிதாகும். இதனால் கூடப் பயன் பெற்றது சம்பியன்கள் இல்லை, நடுவில் படாமல் அடிக்கிற எங்களைப் போன்ற ஆட்கள். இன்று அநேகமான எல்லாக் கம்பனிகளும் அந்த வடிவத்தைத்தான் செய்கின்றன.

அதற்குப் பிறகு? விதியைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். ரக்கெட்டின் மொத்த நீளம் 680 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது, அகலம் 230க்கு மேல் போகக் கூடாது. ஸ்ட்ரிங் கட்டும் பகுதியின் நீளம் 280, அகலம் 220க்குள் இருக்க வேண்டும். அதாவது பெரிதாக்க இடமில்லை. பாரத்துக்கு விதி எல்லை வைக்கவில்லை, உடம்பு வைக்கிறது. 140 கிராமில் இருந்து 105க்கு இறங்கினால் கை உணரும். 105இல் இருந்து 88க்கு இறங்கினாலும் உணரும். 88இல் இருந்து 83க்கு இறங்கும்போது, அந்த ஐந்து கிராமை விடப் பல நூறு மடங்கு பாரமான கையையும் சேர்த்துத்தானே வீசுகிறோம்! வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அது வேகத்தை விடப் பழக்கத்தோடும் விருப்பத்தோடும் சம்பந்தப்பட்டது.

மாற்றம் சிறிதாகச் சிறிதாகப் பெயர்கள் பெரிதாகின. 1990களின் பிற்பகுதியில் டைட்டானியம். 2000களில் நனோ. அதன் பிறகு மின்சாரத்தையும் விண்வெளியையும் ஞாபகப்படுத்துகிற பெயர்கள். உலகம் அந்தந்த நேரம் எதைப் பார்த்து வாய் பிளந்ததோ, அது ரக்கெட்டின் கழுத்தில் எழுதப்பட்டது. உள்ளே ஒன்றுமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பிசினில் ஏதோ கலக்கிறார்கள், சட்டத்தின் வெட்டுமுகத்தை மாற்றுகிறார்கள், பாரத்தைத் தலைப்பக்கமோ பிடிப்பக்கமோ நகர்த்துகிறார்கள். ஆனால் 3.7 என்ற பெயரைத் தராசில் வைக்கலாம். நனோவை எந்தத் தராசில் வைக்கிறது?

தராசு இல்லாத இடத்தில்தான் வேகச் சாதனை வருகிறது. மலேசியாவின் டான் பூன் ஹியோங் முதலில் மணிக்கு 421 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்தார். 2013இல் புது மொடல் ஒன்றால் 493. அதே ஆள், சில வருடம், 72 கிலோமீற்றர் கூட. 2023 ஏப்ரலில் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 565 அடித்து கின்னஸில் ஏறினார். அது அளக்கப்பட்ட இடம் யொனெக்ஸின் சொந்தத் தொழிற்சாலை வளாகத்து விளையாட்டு மண்டபம்.

இலக்கங்கள் பொய்யில்லை. அடித்தவர்களும் அசாத்தியமான ஆட்கள். ஆனால் அங்கே எதிராளி இல்லை, ஓட்டமில்லை, களைப்பில்லை. ஷட்டில் ஸ்ட்ரிங்கை விட்டுக் கிளம்புகிற அந்தக் கணத்து வேகம்தான் அளக்கப்படுகிறது. இறகு காற்றைப் பிடிப்பதால் எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்போது வேகம் பாதிக்கும் கீழே விழுந்துவிடும். 2017இல் இந்திய லீக் ஆட்டமொன்றில் டென்மார்க்கின் மட்ஸ் பீலர் கோல்டிங் அடித்த 426 ஆட்டத்துக்குள் பதிவான சாதனையாகப் பேசப்பட்டது. மண்டபத்துச் சாதனை நான்கு வருடத்துக்கு முதலே 493. அந்த இடைவெளிக்குள்தான் விளம்பரம் குடியிருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

"இண்டைக்கு ஆட்டம் எவ்வளவு வேகம் பாருங்கோ" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் 1992இல் பட்மின்டன் ஒலிம்பிக் பதக்க விளையாட்டானது. அரசாங்கக் காசும் முழுநேரப் பயிற்சியும் கூடவே வந்தன. 2006இல் புள்ளி முறை மாறியது. முந்தி சேர்வ் போடுபவருக்கு மட்டும்தான் புள்ளி, அந்த மாற்றத்தோடு ஒவ்வொரு ரலிக்கும் புள்ளி, 21 வரை என்றானது. ஒரு பிழைக்கும் மன்னிப்பில்லாத ஆட்டம் வேகமாகத்தான் போகும். இதற்கெல்லாம் காரணம் ரக்கெட் என்று பெட்டியில் அச்சடித்துவிட்டால் வரலாறு ஆகாது.

இந்தோனேசியாவின் ரூடி ஹார்டோனோ 1968 முதல் 1974 வரை தொடர்ந்து ஏழு தடவையும், 1976இல் மறுபடியும் ஓல் இங்கிலண்டை வென்றார். மரமும் உலோகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த காலம் அது. எங்கட நிலுக கருணாரத்ன 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் கெனிச்சி தாகோவை வென்றார். அந்த மட்டத்தில் இரண்டு பேரின் கையிலும் நல்ல ரக்கெட்தான் இருக்கும். இரண்டு பக்கமும் இருக்கிற ஒன்று வெற்றிக்குக் காரணமாக முடியாது.

அப்ப தம்பியின் ரக்கெட்? அது ஏமாற்றுச் சாமான் இல்லை. விறைப்பான தண்டு, தலைப்பக்கம் பாரம், இறுக்கிக் கட்டிய ஸ்ட்ரிங். தோளில் இருந்து மணிக்கட்டு வரை வருடக்கணக்காகப் பழக்கிய ஒருவருக்கு அது உதவும். வீச்சு மெதுவான கைக்குத் தண்டு வளையவே வளையாது, முழு அதிர்ச்சியும் முழங்கைக்கு வரும். எங்களுக்கு இசைவான தண்டும் கொஞ்சம் தளர்வான ஸ்ட்ரிங்கும்தான் கூட உதவும். அது விலை குறைந்த ரக்கெட்டிலும் கிடைக்கும். இதைப் பெட்டியில் யாரும் எழுத மாட்டார்கள். நாங்களாவது வாங்க முதல் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நாங்களும் பெட்டியைப் பார்த்து வாய் பிளந்துகொண்டுதான் நின்றோம்.

இப்போது அவன் அந்த ரக்கெட்டைத்தான் பிடிக்கிறான். ஸ்ட்ரிங்கை மட்டும் தளர்த்திக் கட்டியிருக்கிறான். முழங்கை நோ குறைந்திருக்கிறது. அக்காவின் கடனில் இன்னும் பாதி மிச்சம்.