ஆயிரம் டாலருக்குள் ஒரு கேமரா



மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கவிதை எனக்கு வராது. எனவே ஒரு கேமராவின் கதையைச் சொல்கிறேன். 2009-ல் எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தது அது. கேனான் இஓஎஸ் 300டி. வெள்ளி நிறம், பிளாஸ்டிக் உடம்பு. “பொம்மை கேமராவா அண்ணா?” என்று கேட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்! அந்தப் பொம்மை உலகத்தையே ஒரு புரட்டு புரட்டியது என்பது பிறகுதான் தெரிந்தது.

கதை 1975-ல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டினார். படத்தில் மொத்தமே 10,000 புள்ளிகள், அதுவும் கறுப்பு வெள்ளை. ஒரு படத்தை கேசட் டேப்பில் பதிவு செய்ய 23 வினாடி! ஆனால் கோடாக்கின் பிழைப்பே ஃபிலிம்தான். ஃபிலிமே வேண்டாம் என்கிற கேமராவை அது எப்படி ஓடிவந்து அணைத்துக்கொள்ளும்?

1991-ல் அதே கோடாக், நிக்கான் எஃப்3 கேமராவில் சென்சார் பொருத்தி டிசிஎஸ் என்ற எஸ்எல்ஆரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1.3 மெகாபிக்சல். படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியாகத் தோளில் மாட்டிக்கொண்டு அலைய வேண்டும். விலையோ 20,000 டாலர் அளவில். பத்திரிகை அலுவலகங்களுக்குத்தான் கட்டுப்படியாகும். 1999-ல் நிக்கான் டி1 வந்தபோது விலை 5,000 டாலருக்கு மேல். 2000-ல் வந்த கேனான் டி30 சுமார் 3,000. குறைந்துகொண்டுதான் வந்தது, ஆனாலும் மாதச் சம்பளக்காரனுக்கு எட்டவில்லை.

ஏன் இவ்வளவு விலை? சென்சார்தான் காரணம். சிலிக்கான் வேஃபரில் ஒரு சில்லின் பரப்பு பெருகப் பெருக, ஒரு வேஃபரில் கிடைக்கும் எண்ணிக்கை குறையும். ஒவ்வொரு சில்லிலும் குறை விழும் வாய்ப்போ கூடும். எனவே 36க்கு 24 மி.மீ. ஃபிலிம் அளவுக்குப் போகாமல், 22.7க்கு 15.1 மி.மீ. அளவில் சிமோஸ் சென்சாரைக் கேனான் தானே தயாரித்தது. 6.3 மெகாபிக்சல். 2003 தொடக்கத்தில் சுமார் 1,500 டாலருக்கு வந்த 10டி-யில் இருந்தது இதே வகைச் சென்சார்தான்.

அடுத்து, 2003 ஆகஸ்ட் 20 அன்று 300டி அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் டிஜிட்டல் ரெபெல் என்று பெயர், ஜப்பானில் கிஸ் டிஜிட்டல். கேமரா மட்டும் 899 டாலர், லென்ஸோடு 999. ஆயிரம் டாலருக்குள் வந்த முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் இதுதான்.

எப்படிக் குறைத்தார்கள்? இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. உலோக உடம்புக்குப் பதில் பிளாஸ்டிக். வ்யூஃபைண்டரில் கனமான கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதில் சாதாரண கண்ணாடிகளை ஒட்டிய அமைப்பு. காட்சி கொஞ்சம் மங்கும், ஆனால் எடையும் செலவும் குறையும். சென்சார் சிறியதானதால் 50 மி.மீ. லென்ஸ் 80 மி.மீ. லென்ஸ்போல் நடந்துகொள்ளும், அகலமான காட்சி கிடைக்காது. அதற்கும் வழி கண்டார்கள். சிறிய சென்சாருக்குச் சிறிய மிரர் போதும். மிரர் சிறுத்தால் லென்ஸின் பின்பகுதி இன்னும் உள்ளே போகலாம். அப்படிப் பிறந்ததுதான் 18-55 மி.மீ. இஎஃப்-எஸ் லென்ஸ். லேசானது, மலிவானது. இதெல்லாம் அசல் பொறியியல். தலைவணங்கலாம்.

ஆனால் இன்னொரு வகைக் குறைப்பும் நடந்தது. 10டி வினாடிக்கு 3 படம் வீதம் தொடர்ந்து 9 படம் எடுக்கும். 300டி வினாடிக்கு 2.5 வீதம் நாலோடு நின்றுவிடும். ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லை. ஐஎஸ்ஓ 1600-க்கு மேல் போகாது. சரி, விலை மலிவு, அதனால்தான் இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். ரஷ்யாவிலிருந்து ஒருவர் மாற்றியமைத்த ஃபர்ம்வேர் வெளிவந்ததும் குட்டு உடைந்தது! அதை ஏற்றினால் ஃபிளாஷ் வசதியும் வருகிறது, ஐஎஸ்ஓ 3200-ம் வருகிறது. அதாவது அந்த வசதிகள் பெட்டிக்குள்ளேயே இருந்தன. விலை உயர்ந்த அண்ணன் 10டி-யின் வியாபாரம் கெடக்கூடாதென்று பூட்டி வைத்திருந்தார்கள் என்றுதானே பொருள்?

பூட்டு நெடுநாள் நிற்கவில்லை. 2004-ல் நிக்கான் டி70 அதே ஆயிரம் டாலர் அளவில், இவ்வளவு கட்டுப்பாடு இல்லாமல் வந்தது. 2005-ல் கேனானே 350டி-யில் அந்த ஃபிளாஷ் வசதியைத் திறந்துவிட்டது. ஃபிலிமை நம்பியிருந்த கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறியது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? இன்று நான் பார்க்கும் வேலையில் மாதம் ஒருமுறையாவது “இதில் எதை எடுக்கலாம்?” என்று ஒரு கூட்டம் நடக்கும். செலவு குறைய எடுப்பது ஒன்று. இருப்பதை மறைத்து இல்லை என்பது வேறொன்று. இரண்டுக்கும் தாளில் ஒரே பெயர்தான். முதலாவதற்கு நான் கை தூக்குவேன். இரண்டாவது வரும்போது, உண்மையைச் சொன்னால், பல தடவை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். இப்போதெல்லாம் “இது செலவுக்காகவா, பூட்டுவதற்காகவா?” என்று கேட்டுவிடுகிறேன். தம்பி தங்கைகளே, நீங்கள் முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்.

2011-ல் எங்கள் வகுப்பின் கடைசி நாள் குரூப் போட்டோ, அண்ணன் விட்டுப்போன அந்த 300டி-யில் எடுத்ததுதான். 3072க்கு 2048 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் பத்தங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சாகும். இந்த மலரின் ஒரு பக்கத்துக்குத் தாராளம். அதில் சிரிக்கும் முகங்களில் எத்தனை பேர் இந்தச் சந்திப்புக்கு வருகிறீர்கள் என்று பார்க்கத்தான் காத்திருக்கிறேன்.

வாழ்க நம் கல்லூரி!