மலை ஜீப்பின் உயரம்: வில், டயர், சுமை குறித்து ஒரு சிறு வரலாறு

எலப்புள்ளியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பது முதல் தலைமுறை மஹிந்திரா தார். பழைய வண்டியாக வாங்கியது. வாரத்தில் ஐந்து நாள் பாலக்காடு–பொள்ளாச்சிச் சாலையில் ஓடுகிறது. மாதம் ஒருமுறை கள ஆய்வுக்காக இடுக்கியின் ஏலக்காடுகளுக்கு ஏறுகிறது. இதனை இரண்டு அங்குலம் உயர்த்தி, பெரிய டயர் பூட்டிக்கொள்ளும்படி நண்பர்கள் பலர் அறிவுறுத்தினர். மலையில் ட்ரிப் அடிக்கும் ஜீப்புகள் எல்லாம் உயர்ந்துதானே நிற்கின்றன என்பது அவர்கள் கூறிய சான்று. அச்சான்றைச் சரிபார்க்கப் புகுந்தபோது, பட்டறைக் கேள்வி வரலாற்றுக் கேள்வியாக மாறியது. ஜீப்புக்கு அந்த உயரம் எதனால் வந்தது?

1940ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்கத் தரைப்படை, கால் டன் சுமக்கும் இலகு வாகனம் ஒன்றைக் கேட்டது. எடை 1,300 பவுண்டுக்குள் அடங்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. பேண்டம் நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பர் 23இல் முதல் மாதிரியை ஒப்படைத்தது. வில்லிஸும் ஃபோர்டும் பின்தொடர்ந்தன. எடை நிபந்தனையை ஒருவராலும் நிறைவேற்ற இயலவில்லை. இறுதியில் பெருமளவில் உற்பத்தியான வில்லிஸ் எம்பி ஒரு டன்னுக்கு மேல் எடை கொண்டது. முன்னும் பின்னும் வளையாத ஒற்றை அச்சு, அடுக்குத் தகடு வில்கள், 80 அங்குலச் சக்கர இடைவெளி, 6.00-16 அளவு டயர் என்பவை அதன் உடற்கூறு. டயரின் அகலம் ஆறு அங்குலம் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். ஒடுங்கிய டயர் சேற்றின் மேலடுக்கைக் கிழித்து அடியிலுள்ள கெட்டித் தரையைத் தேடிப் பிடிக்கும். இன்று 'ஆஃப்ரோடு' என்றவுடன் நம் கண்முன் வரும் அகன்ற டயர் இந்த மூதாதையிடம் இல்லை.

இந்தியாவில் 1945இல் தோன்றி, 1948இல் இன்றைய பெயரைப் பெற்ற மஹிந்திரா நிறுவனம், 1940களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளை ஒருங்கிணைக்கத் தொடங்கியது. பின்னர் நம் சாலைகளில் பல பத்தாண்டுகள் நிலைத்தது 1953இல் அமெரிக்காவில் அறிமுகமான சிஜே-3பி வடிவம். அதன் உயர்ந்த முகப்பைக் கம்பீரம் என்று நாம் வாசித்தோம். உண்மையில், முந்தைய எஞ்சினைவிட உயரமான புதிய எஞ்சினை உள்ளே பொருத்த இடம் போதாமையால் மூடி உயர்த்தப்பட்டது, அவ்வளவே. தேவையின் விளைவைத் தோற்றத்தின் நோக்கமாகக் கொள்ளும் பிழை அப்போதே தொடங்கிவிட்டது.

ஹைரேஞ்ச் பகுதிக்கு ஜீப் இன்றியமையாததாக ஆனதற்குப் போக்குவரத்து வரலாறு ஒரு காரணம். மூணாறில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது, மீண்டும் அமைக்கப்படவில்லை. இடுக்கி மாவட்டத்தில் இன்றளவும் இரயில் இல்லை. பட்டம் தாணு பிள்ளை திரு-கொச்சி முதல்வராயிருந்த 1954–55 காலத்தில் ஹைரேஞ்ச் குடியேற்றத் திட்டம் உருப்பெற்றது. மக்கள் சென்ற வேகத்தில் சாலைகள் செல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவற்றுள் முதன்மையானது ஜீப். இன்று தேனி மாவட்டத்துப் பெண் தொழிலாளர்கள் விடியுமுன் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலக்காடுகளுக்கு ஏறுவதும், மாலையில் இறங்குவதும் பெரும்பாலும் ஜீப்புகளில்தான். வண்டி பொலேரோவாக இருப்பினும் பேச்சில் அது 'ஜீப்'தான். வணிகப் பெயர் பொதுப்பெயராகிவிட்ட இச்சொல், மலையில் ஒரு வாகனத்தைவிட ஒரு வேலையைக் குறிக்கிறது.

அவ்வேலை சுமை ஏற்றுவது. இங்கே 'வில்' என்னும் சொல்லையும் நோக்கலாம். தமிழில் வில்வண்டி என்பது வசதி படைத்தோர் ஏறிய மாட்டுவண்டி. பாரம் இழுத்த கட்டை வண்டிக்கு வில் கிடையாது. வில் என்றால் சொகுசு. மலை ஜீப் அப்பொருளைத் தலைகீழாக்கியது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றும்போது பின்பகுதி அமிழ்ந்து அச்சில் மோதாதிருக்க, வில்லில் கூடுதலாகத் தகடுகள் சேர்க்கப்பட்டன. சுமையின்றி நிற்கும்போது அதே வண்டி பின்புறம் தூக்கி நிற்கும். நண்பர்கள் சான்றாகக் காட்டிய உயரம் இதுவே. நிறைந்திருக்கும்போது அந்த உயரம் இராது. காலியாக ஓடினால் விறைத்த வில் துள்ளி, சக்கரம் தரைப்பிடியை இழக்கும். அந்தத் தகடுகளுள் ஒளிந்திருப்பது கூலிக்கும் பயணச் செலவுக்கும் இடையிலான கணக்கு: ஒரு ட்ரிப்பில் எத்தனை பேரை ஏற்றினால் கட்டுப்படியாகும் என்பது. அதன் இடர் முழுவதையும் சுமப்போர் பின்னிருக்கையில் நெருக்கி அமர்ந்திருப்போர்.

இனி என் வண்டி. வில்லை உயர்த்தினால் உயர்வது சட்டகமும் உடலும் மட்டுமே. பின்னச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் குடம் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறை முதலில் இடிப்பது பெரும்பாலும் அதனைத்தான். அதனை உயர்த்த வல்லது டயர் மட்டுமே, அதுவும் விட்டம் கூடுவதில் பாதியளவு. எங்கள் வண்டியின் 235/70 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 735 மி.மீ. அதை 245/75 ஆர்16 ஆக்கினால் 774 மி.மீ. ஆதாயம் 19 மி.மீ., ஒரு விரற்கிடை. விலையாக, வேகமானி 80 காட்டும்போது வண்டி 84இல் ஓடும். ஏற்றத்தில் கியரின் இழுவை ஐந்து விழுக்காடு குறையும். பிரேக்கின் பணி கூடும். இவ்வண்டியின் முன்புறம் முறுக்குக் கம்பியால் தாங்கப்படும் தனித்தொங்கல் அமைப்பு. திருகை இறுக்கி உயர்த்திவிடலாம். ஆனால் சக்கரம் பள்ளத்தில் கீழிறங்கும் தூரம் அதே அளவு குறையும். மேட்டுக்காக உயர்த்தியவர் பள்ளத்தில் இழப்பார். நாள்தோறும் சமவெளியில் ஓடும் வண்டிக்கு, உயர்ந்த ஈர்ப்பு மையம் ஒவ்வொரு வளைவிலும் சுமை.

சட்டமும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை, கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் கண்டிப்புடன் விளக்கியது: உற்பத்தியாளர் குறித்த மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது. அதே ஆண்டுத் திருத்தம், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது. பொழுதுபோக்குக்காக உயர்த்தியவரும் பிழைப்புக்காகத் தகடு சேர்த்தவரும் இச்சட்டத்தின் முன் ஒன்றே. வரலாற்று மாணவருக்கு அவ்விருவரும் ஒன்றல்லர்.

என் முடிவு எளியது. உயரத்தைத் தொடவில்லை. மூல அளவிலேயே, கரடுமுரடான தரைக்கும் தார்ச்சாலைக்கும் பொதுவான வார்ப்புடைய டயர்கள். தேய்ந்த வில் புஷ்களுக்குப் புதியன. கரட்டுப் பாதையில் காற்றைச் சற்றே குறைத்து, தார்ச்சாலை சேருமுன் மீண்டும் நிரப்பிக்கொள்ளக் கையடக்கப் பம்பு ஒன்று. சென்ற மழைக்காலத்தில் கள ஆய்வுக்குச் செல்ல வேண்டிய இடங்களுக்கெல்லாம் இது போதுமானதாக இருந்தது. போதாத ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ட்ரிப் ஜீப்பில் மற்றவரோடு நெருக்கி அமர்ந்து சென்றேன்.

மலைப் போக்குவரத்து குறித்த நம் ஆய்வுகள் சாலை, இரயில், எஸ்டேட் ஆவணங்களோடு நின்றுவிடுகின்றன. ஏலக்காட்டு ஜீப்புகளின் ஓட்டுநர், பட்டறையாளர், பயணித்த பெண்கள் ஆகியோரின் வாய்மொழிகளைத் திரட்டுவோர் இருப்பின் அறிய விழைகிறேன். ஒரு வில்லில் எத்தனை தகடு, எந்த ஆண்டில், எதற்காகச் சேர்ந்தது என்பதும் தொழிலாளர் வரலாற்றுத் தரவுதான்.