மான்ட்ரியல் வங்கியின் பழைய சர்வர்கள்

1817-இல் மான்ட்ரியலில் தொடங்கப்பட்ட மான்ட்ரியல் வங்கி கனடாவின் மிகப் பழைய வங்கி. பேரேடுகளைப் பூட்டிக் காப்பது அதற்குப் பழகிய தொழில். ஆனால் 2003-இல் அது கழித்துவிட்ட இரண்டு சர்வர்கள் வாடிக்கையாளர் விவரங்களோடு ஈபேயில் விற்பனைக்கு வந்தன. பழைய பேரேட்டை எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும், கணினி அப்படியல்ல. கோப்பை அழிக்கும்போது பொருளடக்கம்தான் கிழிகிறது, பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. அதே 2003-இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட கட்டுரை இதை எண்ணிக்கையில் காட்டியது: அவர்கள் வாங்கிய பழைய வன்தட்டுகளில் வேலை செய்தவை 129, முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே.

‘பழைய கணினிகளை அகற்றும் வேலையை வேறு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டோமே’ என்பது வழக்கமான சமாதானம். வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது. கனடாவின் தனியுரிமைச் சட்டமும் அதையே சொல்கிறது. அப்படியானால் எல்லாவற்றையும் நொறுக்கிவிடலாமே என்பார்கள். அதுவும் வீண். ஈயமும் பாதரசமும் கலந்த குப்பைதான் பெருகும். மான்ட்ரியலின் இன்செர்டெக் நிறுவனம் 1998 முதல் பழைய கணினிகளைச் செப்பனிட்டு விற்கிறது; வேலையற்ற இளைஞர்களுக்கு அதன் வழியே தொழிலும் கற்றுத்தருகிறது. தரவைத் துடைத்தபின் இயந்திரம் இன்னொருவருக்குப் பயன்படும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. கவனக்குறைவின் விலையும் இப்போது ஏறிவிட்டது: மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் தனியுரிமைச் சட்டமான 25-ஆம் சட்டப்படி, கடுமையான மீறலுக்கு அபராதம் 2.5 கோடி டாலர் அல்லது உலகளாவிய விற்றுவரவில் 4 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை போகலாம்.