பெருநாளும் பரீட்சையும்

பெருநாள் லீவு முடிந்து பாடசாலை திறந்ததும், உயர்தரத்துக்கு வருவாள் என்று நாங்கள் எண்ணியிருந்த ஒரு பிள்ளையைக் காணோம். விசாரித்தால், "கலியாணம் முடிச்சாச்சு டீச்சர்" என்பார்கள். அடுத்த வருடம் கிளினிக் வாசலில் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பதின்ம வயதுப் பிரசவத்துக்கும் பருவம் உண்டு. கலியாண மாதம் எதுவோ, அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். எங்கள் கிராண்ட்பாஸ் பக்கம் மூன்று நாட்காட்டிகள் ஓடுகின்றன. இந்துக் குடும்பங்களில் ஆடியில் கலியாணம் இல்லை. அந்த மாதம் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் என்று புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் தவக்காலத்தைத் தவிர்ப்பார்கள். நமக்கு நோன்பு கழிந்தால் ஷவ்வால்.

ஆனால் நம் மாதங்கள் நிற்பதில்லை, வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னே வரும். 2000இல் பெருநாள் டிசம்பர் கடைசியில் வந்தது. சாதாரண தரப் பரீட்சையும் அந்த டிசம்பரில்தான். பெறுபேறு வரும்வரை பிள்ளை மாதக்கணக்கில் வீட்டில். பதினாறு வயது. தெருவில் நின்றால் பேச்சு, வாப்பாவுக்குப் பயம், லீவில் வந்திருக்கும் வெளிநாட்டு மாப்பிள்ளை. வேறென்ன வேண்டும்? பிறகு பெருநாள் விலகி 2010இல் செப்டம்பருக்குப் போனது. கொரோனாவுக்குப் பின் பரீட்சையும் இடம்மாறியது. 2025இல் பரீட்சை மார்ச் 26இல் முடிந்தது, பெருநாள் மார்ச் 31. இரண்டும் மறுபடி சேர்ந்துகொண்டன.

நாட்காட்டியை மட்டும் குறை சொல்ல முடியாது. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் சிங்கள, தமிழ்ப் பெண்களுக்கும் திருமண வயது 12தான். 1995இல் அதை 18 ஆக்கினார்கள். நமது 1951ஆம் ஆண்டுச் சட்டமோ வயதெல்லை எதையும் வைக்கவில்லை. 12க்குக் கீழ் என்றால் பதிவுக்குக் காதியின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். மணமகளின் கையொப்பத்தைக்கூட அது கேட்கவில்லை. திருத்தம் பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு அறிக்கை கொடுக்க 2018 ஆனது. இடையில் எத்தனை ஷவ்வால்!

சட்டம் மாறும்வரை காத்திருக்கப் பிள்ளைகளுக்கு வயது நிற்காது. போன நோன்பில் தராவீஹுக்கு முன் நாங்கள் மூன்று பேர் வீடு வீடாகப் போனோம். "தேதி வைப்பதென்றால் உயர்தரம் முடிய வையுங்கள்" என்று மட்டும் கேட்டோம். ஒரு உம்மா கதவே திறக்கவில்லை. இன்னொரு வாப்பா தேநீர் தந்து, ஒன்றும் சொல்லாமல் அனுப்பினார். அவருடைய மகள் இப்போது கலைப்பிரிவில், இரண்டாம் வாங்கில் இருக்கிறாள்.