விமானத்துக்குப் பின்னால் ஒரு மலை

ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையில் ஓடுவது ஒரே எல்லைக்கோடு. அதன் நீளம் 987 கி.மீ. என்றது ஒரு கணக்கு. 1,214 கி.மீ. என்றது இன்னொரு கணக்கு. எல்லையின் நீளத்துக்கும் போர் மூள்வதற்கும் தொடர்பு உண்டா என்று குடைந்துகொண்டிருந்த ஆங்கிலேய வானிலை அறிஞர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், இந்த முரணின் வேரைப் பிடித்துவிட்டார். அளவுகோல் குறுகக் குறுக, கோடு நீண்டுகொண்டே போனது! 1953இல் அவர் காலமானார். அந்த ஆராய்ச்சி அச்சேறவே 1961 ஆகிவிட்டது. அதைப் பொருட்படுத்தியவர்கள் குறைவு. ஆனால், ஒருவர் கண்ணில் பட்டது.

அவர், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்த கணித அறிஞர் பெனுவா மாண்டல்பிராட். பிரிட்டன் கடற்கரையின் நீளம் என்ன என்று கேட்டு 1967இல் கட்டுரை எழுதினார். வளைவுக்குள் சிறு வளைவு, அதற்குள்ளும் இன்னொன்று என்று போகும் வடிவங்களுக்குப் பின்னர் ‘ஃப்ராக்டல்’ என்று பெயர் வைத்தார். 1977இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய புத்தகத்தில், உலகில் எங்குமே இல்லாத மலைகளைக் கணினி வரைந்திருந்தது. அடுத்த ஆண்டு அந்தப் புத்தகம் சியாட்டில் நகரத்தில் ஓர் இளைஞரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

லோரன் கார்ப்பென்டருக்கு போயிங் நிறுவனத்தில் வேலை. விமானங்களைக் கணினியில் படமாக்க வேண்டும். விமானம் அழகாகத்தான் வந்தது. அதற்குப் பின்னால் நிற்க ஒரு மலை வேண்டுமே! ஒவ்வொரு புள்ளியாகக் கையால் வைத்து மலை கட்டினால் ஆயுள் போதாது. மாண்டல்பிராட்டின் வழியிலோ மலை முழுவதையும் ஒரே மூச்சில் கணக்கிட்டாக வேண்டும். தூரத்தில் நின்று பார்க்க அது போதும். பறந்துகொண்டே மலையை நெருங்கினால்?

கார்ப்பென்டர் கண்ட வழி, சொன்னால் சிரிப்பு வரும் அளவுக்கு எளிது. ஒரு முக்கோணம். அதன் மூன்று பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் குத்துமதிப்பாக மேலேயோ கீழேயோ நகர்த்தினால், ஒன்று நான்காகும். அந்த நான்கும் பதினாறாகும். ஒவ்வொரு சுற்றிலும் நகர்த்தும் அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். முதலில் சிகரம் எழும், பிறகு முகடு, கடைசியில் கற்களின் சொரசொரப்பு. கண்ணுக்கு அருகில் இருப்பதை நிறையப் பிளந்து, தொலைவில் இருப்பதை அப்படியே விட்டுவிடலாம். ஒரு பொடிச் சிக்கல் உண்டு. ஒட்டியிருக்கும் இரு முக்கோணங்கள் தங்கள் பொதுப் பக்கத்தை ஆளுக்கொரு விதமாக நகர்த்தினால் மலையில் விரிசல் விழும். புள்ளியின் அடையாளத்திலிருந்தே அந்தத் தற்செயல் எண்ணை வரவழைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். மலை தயார். ஆனால், கார்ப்பென்டரின் கண் வேறோர் இடத்தில் இருந்தது.

திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸின் நிறுவனத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் கணினி வரைகலைக் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் நுழைய வேண்டும் என்று கார்ப்பென்டர் இரண்டு நிமிடப் படம் ஒன்றைத் தயாரித்தார். ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் கணினி 20 முதல் 40 நிமிடம் எடுத்துக்கொண்டது. 1980இல் கணினி வரைகலைக்கான சிக்ராஃப் மாநாடு கூடியது அவருடைய சியாட்டிலிலேயே. ‘வோல் லீப்ர’ என்ற அந்தப் படத்தில் மலைகளுக்கு மேலே கேமரா சறுக்கிப் பறந்ததும் அரங்கம் ஆர்ப்பரித்தது. கேட்மலும் ஸ்மித்தும் அங்கேயே வேலை தருவதாகச் சொல்லிவிட்டார்கள். சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது.

1982இல் வெளியான இரண்டாவது ‘ஸ்டார் ட்ரெக்’ படத்துக்காக, செத்த கிரகம் ஒன்று உயிர்பெறும் காட்சியை இந்தக் குழுவினர் உருவாக்கினார்கள். வேலை முடியும் கட்டத்தில்தான் தெரிந்தது, கேமரா நேராக ஒரு மலையைத் துளைத்துக்கொண்டு போகிறது! எல்லாவற்றையும் மறுபடி வரைய நேரமில்லை. கேமரா வரும் பாதையில் மலையையே வெட்டி வழி விட்டார்கள். திரையில் அது இயற்கையான பள்ளத்தாக்காகவே தெரிந்தது.

அதே ஆண்டு ஆய்வாளர்கள் ஃபூர்னியே, ஃபஸல் ஆகியோரோடு கார்ப்பென்டர் எழுதிய கட்டுரை இந்த முக்கோண வழியை ஊரறியச் செய்தது. மாண்டல்பிராட்டே அதை எதிர்த்து எழுதினார். 1986இல் ஆய்வாளர் கேவின் மில்லர் ஒரு குறையைப் பிடித்தார்: மடித்துப் பிரித்த காகிதம் போல நிலத்தில் நேர்க்கோட்டுத் தடங்கள் விழுகின்றன. ஆனாலும், யாரும் அந்த வழியைக் கைவிட்டுவிடவில்லை.

முக்கோணத்துக்குப் பதில் சதுரக் கட்டம் வைத்துக்கொண்டால், நான்கு மூலைகளின் உயரம் போதும். 257-க்கு 257 கட்டத்தில் மீதியை நிரலே நிரப்பிவிடும். கணினி விளையாட்டுகளில் ஒவ்வொரு முறையும் புதிதாக முளைக்கும் மலைநாடுகளில் பலவற்றுக்கு முன்னோடி இந்தக் கணக்குத்தான். தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணை மாற்றினால் வேறு மலை. பழைய எண்ணையே கொடுத்தால் அதே மலை. பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால், மில்லர் சொன்ன தடங்களும் தெரியும்.